சங்கத்தின் கணக்கேடும் கணினியின் அமைப்புக்களும்

பழைய மாணவர் சங்கமொன்றுக்கு இரண்டு ஏடுகள் இன்றியமையாதன. ஒன்று அங்கத்தவர் பதிவேடு. மற்றது பணக் கணக்கேடு. முன்னதிலே ஒரு பெயரோ விலாசமோ பிழைபடுமாயின் ஒரு மனிதரை நாம் இழக்கின்றோம். பின்னதிலே ஒரு தொகை பிழைபடுமாயின் பலருடைய நம்பிக்கையை இழக்கின்றோம். எமது முன்னோர் இவ்விரண்டையும் கோடிட்ட தடித்த ஏடுகளிலே மையினால் எழுதிப் பேணினர். காரியதரிசி மாறும்போது ஏடும் கைமாறிற்று. தனாதிகாரி கூட்டிய தொகையைக் கணக்குப் பரிசோதகர் மீண்டும் கூட்டிப் பார்த்தே கையொப்பமிட்டார். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்னும் பழமொழியை அவர்கள் செயலிலே காட்டினர்.

இன்று அவ்வேடுகளின் இடத்தைக் கணினியின் விரிதாள் பெற்றுவிட்டது. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் அங்கத்தவரை ஒரே ஏட்டில் அடக்கவும், நிதிக்கு வந்த பணத்தை நொடிப்பொழுதிற் கூட்டவும் அது துணைபுரிகின்றது. இவ்வசதியை வேண்டாமென்பார் எவருமிலர். ஆயினும் புதிய ஏட்டினைப் பேணும் முறை பழைய ஏட்டினைப் பேணும் முறையினின்றும் வேறானது. அவ்வேறுபாட்டை அறியாதவிடத்து இழப்பு நேரும். நேர்ந்தது தெரியாமலும் போகும்.

கணினியைப் பற்றி எம்மவரிடையே இரண்டு எண்ணங்கள் வழங்குகின்றன. கணினி பிழை விடாது என்பது ஒன்று. கணினியால் விளையும் கேடெல்லாம் எங்கோ இருக்கும் கள்வராலேயே விளைகின்றன என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும் நாளாந்தக் காரியங்களில் நேரும் தொல்லைகள் பலவற்றுக்கு மூன்றாவதொரு காரணம் உளது. அதுவே அமைப்பு எனப்படுவது.

அமைப்பு என்பது, ஒரு செயலை எவ்வாறு செய்தல் வேண்டும் என்று கணினிக்கு முன்கூட்டியே இடப்பட்டிருக்கும் கட்டளை. நாளை எவ்வரிசையில் எழுதுவது, எண்ணை எவ்வாறு காட்டுவது, ஒரு கோப்பினை யார் யார் பார்க்கலாம் என்பனவெல்லாம் அமைப்புக்களே. நாம் ஒன்றும் சொல்லாதவிடத்து, மென்பொருளை ஆக்கியோர் வைத்த அமைப்பே நடக்கும். அதனை இயல்பமைப்பு என்பர். எமக்காகப் பிறரொருவர் செய்துவைத்த முடிவே இயல்பமைப்பாகும். அவர் எமது நாட்டு வழக்கத்தையும் அறியார். எமது சங்கத்தின் தேவையையும் அறியார். அம்முடிவு எமக்குப் பொருந்துமா என்று பார்த்தல் எமது கடன். இக்கட்டுரை அதனைச் சில எடுத்துக்காட்டுக்களால் விளக்க முயல்கின்றது.

விரிதாள் கேளாமற் செய்வது

விரிதாளின் வரலாறு நெடியதன்று. அமெரிக்காவில் ஹாவாட் வணிகக் கல்லூரியிலே பயின்ற டான் பிரிக்லின் என்பவர், கரும்பலகையில் எழுதிய அட்டவணையொன்றில் ஒரு தொகை மாறினால், அதனைச் சார்ந்த தொகைகள் யாவற்றையும் அழித்தெழுத வேண்டியிருத்தலைக் கண்டார். அவ்வேலையை இயந்திரத்திடம் விட எண்ணி, பொப் பிராங்ஸ்டன் என்பவருடன் கூடி விசிகல்க் என்னும் மென்பொருளை ஆக்கினார். அது 1979 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று பலரும் கையாளும் எக்செல், கூகிள் சீற்ஸ் என்பன அதன் வழிவந்தவையே.

விரிதாள் நிரைகளும் நிரல்களுமாக வகுக்கப்பட்டது. ஒரு நிரையும் ஒரு நிரலும் சந்திக்கும் கட்டம் கலம் எனப்படும். கலத்திலே நாம் ஒன்றைத் தட்டெழுதியவுடன், மென்பொருள் தனக்குள்ளே ஒரு வினா எழுப்புகின்றது: இஃது எண்ணா, நாளா, சொல்லா? எம்மைக் கேளாமலே விடையும் கூறிக்கொள்கின்றது. எண் என்று கொண்டால் எண்ணுக்குரிய முறையிலும், நாள் என்று கொண்டால் நாளுக்குரிய முறையிலும் அதனை மாற்றி வைத்துக்கொள்கின்றது. வேற்று நாட்டுக் கந்தோரொன்றிலே பழகி வந்த எழுதுவினைஞர், நாம் சொல்லக் கேட்டெழுதும்போது தம் நாட்டு வழக்கப்படி திருத்தி எழுதிவிடுவதைப் போன்றது இது. நாமோ, எழுதியது எழுதியபடியே இருக்கின்றதென்று எண்ணி அடுத்த கலத்துக்குப் போய்விடுகின்றோம்.

இலக்கம் வேறு, எண் வேறு

தொலைபேசி இலக்கத்தை முதலில் நோக்குவோம். இலங்கையிலே அது பூச்சியத்தில் தொடங்கும். பூச்சியத்தையும் சேர்த்து இலக்கத்தை இடைவெளியின்றித் தட்டெழுதினால், விரிதாள் அதனை எண்ணென்று கொள்ளும். எண்ணின் முன்னே நிற்கும் பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லையாதலின் அதனை நீக்கிவிடும். வெளிநாட்டு இலக்கத்தின் முன் இடும் கூட்டற்குறியும் இவ்வாறே மறையும். இரண்டு ஆண்டு கழித்து அந்த இலக்கத்தை அழைப்பவருக்கு மறுமொழி கிடையாது.

தேசிய அடையாள அட்டை இலக்கத்துக்கு வேறொரு தொல்லை உண்டு. 2016 ஆம் ஆண்டு தொடக்கம் வழங்கப்படும் அட்டைகளின் இலக்கம் பன்னிரண்டு தானங்கள் கொண்டது. எக்செல்லின் இயல்பமைப்பு பதினொரு தானங்கள் வரையுள்ள எண்ணையே முழுதாகக் காட்டும். அதற்கு மேற்பட்டதைத் தசமப் புள்ளியும் அடுக்கும் கொண்ட சுருக்க வடிவிலே காட்டும். உள்ளே முழு இலக்கமும் இருப்பினும், அந்நிலையில் அவ்வேட்டைச் சி.எஸ்.வி. எனப்படும் எளிய கோப்பாகச் சேமித்தால், கண்ணுக்குத் தெரியும் சுருக்க வடிவமே கோப்பிற் பதியும். பின்னைய தானங்கள் அக்கோப்பில் இரா. இனி, எக்செல் ஓர் எண்ணிலே பதினைந்து தானங்களை மாத்திரம் நினைவிற் கொள்ளும். பதினாறு தானங்கொண்ட இலக்கமொன்றை எழுதினால் ஈற்றுத் தானம் பூச்சியமாகிவிடும். இவற்றுள் எதனையும் அது எச்சரித்துச் செய்வதில்லை.

பரிகாரம் தமிழ்ச் சொல் வழக்கிலேயே உளது. எண் என்பது கூட்டவும் கழிக்கவும் உரியது; இலக்கம் என்பது ஒன்றை அடையாளங் காட்டுவது. இரண்டு தொலைபேசி இலக்கங்களை எவரும் கூட்டுவதில்லை. கூட்டவேண்டாத இலக்கம் எதுவாயினும் அதனைச் சொல்லாகவே விரிதாளிற் பதிதல் வேண்டும். எழுதத் தொடங்குமுன் அந்நிரல் முழுவதையும் தெரிந்து, அதன் வகையை ரெக்ஸ்ட் என மாற்றிவிட்டால் எழுதியது எழுதியபடியே நிற்கும். எழுதிய பின்னர் மாற்றினாற் பயனில்லை. போன பூச்சியம் தானாக மீளாது.

இத்தகைய பிழை எளியோர்க்கு மாத்திரம் உரியதென எண்ணற்க. மனிதரின் பரம்பரையலகுகள் சிலவற்றுக்கு அறிஞர் இட்ட குறியீடுகள், மார்ச்சு, செப்ரெம்பர் என்னும் மாதங்களின் ஆங்கிலச் சுருக்கத்தோடு ஓர் எண்ணையும் சேர்த்தாற்போல அமைந்திருந்தன. எக்செல் அவற்றை நாள்களாக மாற்றிவிட்டது. 2016 இல் வெளியான ஆய்வொன்று, பரம்பரையலகுப் பட்டியல்களை எக்செல் கோப்புக்களாக இணைத்து வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்திலொன்றில் இப்பிழை காணப்பட்டதென்று கூறிற்று. ஈற்றில், பெயரிடும் பொறுப்புடைய குழுவினர் 2020 இல் வெளியிட்ட நெறிமுறையோடு அப்பெயர்களையே மாற்றியமைக்க நேர்ந்தது. 2023 ஆம் ஆண்டிலேதான் மைக்ரோசொப்ற் நிறுவனம் இம்மாற்றங்களை நிறுத்திவைக்கும் அமைப்புக்களை எக்செல்லிற் சேர்த்தது. புதிய எக்செல் உடையோர் ஒப்ஷன்ஸ் என்னும் பகுதியிலே, டேற்றா என்ற தலைப்பின் கீழ் அவற்றைக் காணலாம். முன்னிற்கும் பூச்சியத்தை நீக்குதல், நீண்ட எண்ணைச் சுருக்குதல் என்பவற்றுக்கெதிரே உள்ள அடையாளங்களை எடுத்துவிட்டாற் போதும்.

நாளும் மாதமும் ஆண்டும்

நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னுமாக எழுதுவோம். அமெரிக்கர் மாதத்தை முன்னெழுதுவர். கணினியின் பிரதேச அமைப்பு அமெரிக்காவுக்குரியதாக இருக்க, 1950 ஆம் ஆண்டு ஏப்பிரில் 3 ஆந் திகதி பிறந்த ஒருவரின் பிறந்த நாளை 03/04/1950 என்று எழுதினால், அது மார்ச்சு 4 ஆகப் பதியும். ஏப்பிரில் 13 ஆந் திகதியை 13/04/1950 என்று எழுதினாலோ, பதின்மூன்றாம் மாதம் இன்மையால் அது நாளென்றே கொள்ளப்படாது சொல்லாக நின்றுவிடும். ஒரே நிரலில் சில நாள்கள் சரியானவை, சில இடம் மாறியவை, சில நாள்களே அல்லாதவை. வயது வரிசையில் அடுக்கும்போதுதான் இக்குழப்பம் வெளிப்படும்; அப்போது எது சரி, எது பிழை என்று பிரித்தறிதல் அரிது.

ஆண்டின் ஈற்று இரு தானங்களை மாத்திரம் எழுதும் வழக்கமும் ஆபத்தானது. 28 என்று எழுதினால் எக்செல் அதனை 2028 என்று கொள்ளும். 1928 இல் பிறந்த மூத்த அங்கத்தவர், சங்க ஏட்டின்படி, 2028 வரையும் பிறவாதவராகிவிடுவார். மேலும் எக்செல்லின் நாட்காட்டி 1900 ஆம் ஆண்டிலேயே தொடங்குகின்றது. அதற்கு முற்பட்ட நாளை அது நாளாக ஏற்பதில்லை. யாழ்ப்பாணத்து இந்துக் கல்லூரிகளுட் சில பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோன்றியவை. அவற்றின் பழைய சேர்வு இடாப்புக்களைக் கணினியில் ஏற்ற முனைவோர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நன்று.

இவற்றைத் தவிர்க்கும் வழி எளிது. பிரதேச அமைப்பை இலங்கைக்கு உரியதாக மாற்றுக. ஆண்டை நான்கு தானங்களிலும் எழுதுக. ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் 1950-04-03 என்று எழுதுவது சர்வதேச நியமம். எந்நாட்டுக் கணினியிலும் அதற்கு இருபொருள் இல்லை. 1900 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட நாள்களை மேற்கூறியவாறு சொல்லாகப் பதிக.

கூட்டுத்தொகையில் மறையும் பணம்

இலக்கத்தைச் சொல்லாக எழுதுக என்றோம். பணத்தொகைக்கோ இதன் மறுதலையே விதி. எம் நாட்டிலே தொகையை எழுதுவோர் அதனருகே சாய்கோடும் சமக்குறியும் இடுவர். காசோலையிலும் பற்றுச்சீட்டிலும் அது நல்ல வழக்கம். தொகைக்குப் பின்னே வேறோர் இலக்கத்தைச் சேர்ப்பதைத் தடுக்கும். விரிதாளிலோ, 5000/= என்று எழுதினால் அக்கலம் எண்ணாகாது சொல்லாகிவிடும். ஒரு நிரலைக் கூட்டுமாறு கட்டளையிட்டால், விரிதாள் சொற்களை விட்டு எண்களை மாத்திரம் கூட்டும். கண்ணுக்கு ஐயாயிரம் ரூபா தெரியும். கூட்டுத்தொகையில் அது இராது. எச்சரிக்கையும் வராது.

நன்கொடை அனுப்பிய ஒருவரின் பெயர் பட்டியலில் இருக்க, அவர் பணம் மொத்தத்தில் இல்லாதிருப்பது தனாதிகாரிக்கு எத்தகைய இக்கட்டு என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இதனைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு. இயல்பமைப்பிலே எண்கள் கலத்தின் வலப்பக்கத்தைச் சார்ந்து நிற்கும். சொற்கள் இடப்பக்கத்தைச் சாரும். பணநிரலிலே இடப்பக்கம் சாய்ந்து நிற்கும் தொகை எதுவாயினும் ஐயத்துக்குரியது. தொகையை வெறும் எண்ணாக எழுதி, ரூபாக் குறியை வகை அமைப்பின் மூலம் இடுதலே முறை. கூட்டற் கட்டளையோடு, எண்கள் உள்ள கலங்கள் எத்தனை என எண்ணும் கட்டளையையும் அருகே இட்டு, அது பற்றுச்சீட்டுக்களின் தொகையோடு ஒக்கின்றதா என்று பார்ப்பின் பழைய கணக்குப் பரிசோதகரின் வேலையில் ஒரு பாதி முடிந்தது.

தமிழெழுத்தின் நிலை

தமிழிலே பெயர்களைப் பதிவோர்க்கு மற்றுமோர் எச்சரிக்கை வேண்டும். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களிலே தட்டெழுதும்போது, கணினி உண்மையிற் சேமிப்பது ஆங்கில எழுத்துக்களையே. எழுத்துருவானது அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை அணிவிக்கின்றது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே கோப்பைத் திறந்தாற் சட்டை கழன்று, பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். பெயர்களை அகரவரிசைப்படுத்தவும் தேடவும் முடியாது. யூனிக்கோட் என்னும் ஒருங்குறி முறையோ தமிழெழுத்துக்களுக்கெனத் தனி இலக்கங்களை வழங்கியுள்ளது. 1991 இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. சங்கத்தின் பழைய பாமினிக் கோப்புக்கள், அவ்வெழுத்துருவைக் கையாளத் தெரிந்தோர் இருக்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றப்படல் வேண்டும்.

ஒருங்குறியில் எழுதிய கோப்பையும் காக்கவேண்டிய இடமொன்று உண்டு. எக்செல்லிலிருந்து சி.எஸ்.வி. கோப்பாகச் சேமிக்கும்போது யூ.ரி.எப்.-8 என்று குறித்த வகையைத் தெரிதல் வேண்டும். குறிக்காத வகையைத் தெரிந்தால், அங்கத்தவர் பெயர்கள் யாவும் வினாக்குறிகளாகப் பதிந்துவிடக்கூடும். மூலக்கோப்பை அழித்திருந்தால் மீட்க வழியில்லை.

கோப்பின் வகையைப் பாராது விட்டதால் ஒரு நாடே இடர்ப்பட்டதுண்டு. கொவிட் பெருந்தொற்றுக் காலத்திலே, 2020 செப்ரெம்பர் 25 ஆந் திகதி முதல் ஒக்ரோபர் 2 ஆந் திகதி வரை, இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் ஆய்வுகூட முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்புக்களிலே சேர்த்துவந்தது. அவ்வகை 65,536 நிரைகளையே கொள்ளும். 2007 முதல் வழங்கும் வகை 1,048,576 நிரைகளைக் கொள்ளும். எல்லையைத் தாண்டிய முடிவுகள் விடுபட்டன. 15,841 நோயாளரின் விபரம் நாளாந்தக் கணக்கிற் சேராது போயிற்று. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் தாமதமாயிற்று. எமது அங்கத்தவர் தொகை அவ்வெல்லையை எட்டப்போவதில்லை. எனினும் ஓர் ஏட்டிலிருந்து மற்றோர் ஏட்டுக்கு மாற்றும்போதெல்லாம், புறப்பட்ட நிரைகள் எத்தனை, வந்து சேர்ந்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தல் எமக்கும் பொருந்தும் விதியாகும்.

மறைத்தல் பூட்டுதலாகாது

இதுவரை ஏட்டின் செம்மையைக் கூறினோம். இனி அதன் காவலை நோக்குவோம். விரிதாளிலே ஒரு நிரலையோ ஒரு தாளையோ கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கலாம். மறைத்தது அங்கேயே இருக்கும். இரண்டு சொடுக்கிலே எவரும் வெளிக்கொணரலாம். 2023 ஓகஸ்ட் 8 ஆந் திகதி, வட அயர்லாந்துப் பொலிஸ் சேவை, தகவல் அறியும் உரிமையின் கீழ்க் கேட்கப்பட்ட எளிய வினாவொன்றுக்கு விடையாக ஒரு விரிதாளை அனுப்பிற்று. அது இணையத்திலும் வெளியாயிற்று. அதனுள்ளே மறைந்திருந்த தாளொன்றில் 9,483 அதிகாரிகளினதும் ஊழியர்களினதும் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, கடமையிடம் என்பன இருந்தன. பொலிஸாரின் உயிருக்கு அச்சுறுத்தல் நிலவும் நாடு அது. அடுத்த ஆண்டில் அச்சேவைக்கு 750,000 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. கணினியை எந்தக் கள்வனும் உடைக்கவில்லை என்பது நினைக்கத்தக்கது.

மலருக்காக அங்கத்தவர் பெயர்ப்பட்டியலை அச்சகத்துக்கு அனுப்பும் எமது காரியதரிசிக்கும் இது பாடம். விலாசம், தொலைபேசி, அடையாள அட்டை இலக்கம் என்னும் நிரல்களை மறைத்துவிட்டு ஏட்டை அனுப்புதல் தகாது. வேண்டிய நிரலை மாத்திரம் புதிய கோப்பொன்றிற் படியெடுத்து அனுப்புதலே தக்கது. அடையாள அட்டை இலக்கத்தை வெறும் இலக்கமென எண்ணற்க. புதிய இலக்கத்தின் முதல் நான்கு தானங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று தானங்கள் அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பதையும் காட்டும். பெண்களுக்கு அந்நாளெண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். அவ்விலக்கத்தை வைத்திருப்பவன் ஒருவரின் பிறந்த நாளையும் அறிவான். பிறர் விபரங்களைப் பேணுவோரின் கடமைகளை வகுத்து, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எம் நாட்டில் நிறைவேறியுள்ளது. தேவையற்ற விபரத்தைச் சேர்க்காதிருத்தலே முதற் காவல்.

தாளைப் பூட்டுதல் என்றோர் அமைப்பும் எக்செல்லில் உண்டு. அது கைதவறி அழித்துவிடாமற் காப்பதற்கென ஏற்பட்டது, இரகசியத்தைக் காப்பதற்கன்று. கோப்பினைத் திறப்பதற்கே கடவுச்சொல் கேட்கும் அமைப்பு வேறு. அதனை இட்டால் கோப்பு முழுவதும் மறைகுறியாக்கப்படும். அக்கடவுச்சொல்லை மறந்தால், மைக்ரோசொப்ற் நிறுவனத்தாலும் மீட்டுத்தர இயலாது. ஆதலின் அது இரண்டு பொறுப்பாளரிடம் இருத்தல் வேண்டும்.

யாரிடம் திறப்பு?

இணையத்திலே வைக்கப்படும் ஏட்டுக்கு இன்னும் ஓர் அமைப்பு முக்கியமானது. கூகிள் சீற்ஸ் போன்றவற்றிலே, பெயர் குறித்தவர்களுக்கு மாத்திரம் ஏட்டைத் திறந்துவிடலாம். இணைப்பைப் பெற்ற எவருக்கும் திறந்துவிடலாம். இயல்பமைப்பு முன்னதே. அவசரத்தில் நாமே பின்னதற்கு மாற்றி, கூட்டம் முடிந்த பின்னரும் அவ்வாறே விட்டுவிடுகின்றோம். அவ்விணைப்பு ஒரு வட்ஸ்அப் குழுவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுமாயின், திறப்பைத் தெருவிலே தொங்கவிட்டதற்கு ஒப்பாகும்.

சங்கத்தின் மின்னஞ்சற் கணக்கு மற்றெல்லாவற்றுக்கும் தாய்க்கதவு. அதன் கடவுச்சொல் நீண்டதாயிருத்தல் வேண்டும். குறிகளையும் எண்களையும் கலந்து குறுகிய சொல்லொன்றை அமைப்பதிலும், ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தல் நன்று. நியமங்களுக்கான அமெரிக்க தேசிய நிறுவனம் 2017 இல் வெளியிட்ட நெறிமுறையும் நீளத்தையே வற்புறுத்திற்று. காரணமின்றி அடிக்கடி மாற்றுவிக்கும் வழக்கத்தையும் அது கைவிட்டது. ஓரிடத்துக் கடவுச்சொல்லை வேறிடத்திற் பயன்படுத்தலாகாது. இருபடிச் சரிபார்ப்பு என்னும் அமைப்பையும் இட்டுவிட்டால், கடவுச்சொல்லை அறிந்த கள்வனும் இரண்டாம் படியில் நிற்பான். அப்படியைக் கடக்கும் ஒருமுறை இலக்கத்தை, வங்கியிலிருந்து பேசுகின்றேன் என்பவர்க்கும் சொல்லலாகாது.

மின்னஞ்சலிலே பலரும் திறந்து பாராத ஓர் அமைப்பு உளது. வரும் கடிதங்களைப் பிறிதொரு முகவரிக்குத் தாமே அனுப்பிவைக்கும் ஏற்பாடு அது. ஒருமுறை உள்ளே புகுந்த கள்வன் இதனை இட்டுவிட்டுப் போவதுண்டு. பின்னர் கடவுச்சொல்லை மாற்றினும் கடிதங்கள் அவனைச் சென்றடையும். அவற்றைப் படித்திருந்து, தக்க வேளையிலே, காரியதரிசியின் நடையிலேயே, "எமது வங்கிக் கணக்கு இலக்கம் மாறிவிட்டது" என்று நன்கொடையாளருக்கு எழுதுவான். ஆதலின் இவ்வமைப்பை ஆண்டுக்கு இருமுறையேனும் திறந்து பார்க்க. வங்கிக் கணக்கு மாறியதாகக் கடிதம் வரின், அக்கடிதத்திலுள்ள இலக்கத்தை விடுத்து, முன்னரே தெரிந்த தொலைபேசி இலக்கத்தில் அழைத்துக் கேட்ட பின்னரே பணம் அனுப்புக.

கணக்கை மீட்பதற்கெனப் பதிந்த தொலைபேசி யாருடையது என்பதும் வினாவுக்குரியது. அது முன்னைய காரியதரிசியின் இலக்கமாயின், அவர் புலம்பெயர்ந்தபின் அல்லது மறைந்தபின், சங்கம் தன் வீட்டுக்கே திறப்பில்லாமல் நிற்கும். நிருவாகசபை மாறும் நாளிலேயே மீட்பு இலக்கத்தையும், ஏட்டைத் திறக்க உரிமையுடையோர் பட்டியலையும் மாற்றுதல் வேண்டும்.

இரண்டு சிறு அமைப்புக்கள்

கோப்பின் பெயரீற்றிலே அதன் இனத்தைக் காட்டும் எழுத்துக்களை விண்டோஸ் இயல்பாகவே மறைத்துவைக்கின்றது. 2000 ஆம் ஆண்டு மே மாதத்திலே உலகெங்கும் பரவிய காதற்கடித நச்சுநிரல், வெறும் எழுத்துக் கோப்புப் போலத் தோன்றும் பெயரோடு வந்தது. அதன் உண்மை இனத்தைக் காட்டும் ஈற்றெழுத்துக்கள் பலருடைய திரையில் மறைந்திருந்தன. அவ்வெழுத்துக்களைக் காட்டுமாறு அமைப்பை மாற்றிவிட்டால், கணக்கறிக்கை என்னும் பெயரோடு வரும் கட்டளைக் கோப்பினை இனங்காணலாம்.

மென்பொருளை இற்றைப்படுத்தும் அமைப்பையும் நிறுத்தலாகாது. 2017 மே 12 ஆந் திகதி வொனாகிறை என்னும் நச்சுநிரல் பிரித்தானிய வைத்தியசாலைகளையும் நிலைகுலையச் செய்தது. அதனைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ற் அதற்கு இரு மாதம் முன்னரே, மார்ச்சு மாதத்தில் வெளியிட்டிருந்தது, ஏற்றாதவர்களே துன்புற்றனர். விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 ஆந் திகதியோடு முடிவுற்றதையும் சங்கக் கணினியை வைத்திருப்போர் கருத்திற் கொள்க. இவற்றுக்கும் மேலாக, ஏட்டின் படியொன்று கணினியோடும் இணையத்தோடும் தொடர்பில்லாத தனிச் சேமிப்பகத்தில் இருத்தல் வேண்டும். தானாக ஒத்திசையும் இணையப் படி போதாது. இங்கே அழித்தது அங்கேயும் அழியும்.

செய்யத்தக்கது

மேற்கூறியவற்றைக் கேட்டு அஞ்சிக் கணினியைத் துறத்தல் வேண்டா. இவ்வமைப்புக்களுள் ஒவ்வொன்றையும் பார்ப்பதற்குச் சில நிமிடங்களே செல்லும். வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு முன் கணக்கைப் பரிசோதிக்கும் வழக்கம் எமக்கு உண்டு. அதனோடு அமைப்புக்களைப் பரிசோதிக்கும் வழக்கமும் சேரல் வேண்டும். கணக்குப் பரிசோதகர் தொகையை மாத்திரம் பாராது, தொகை எண்ணாக நிற்கின்றதா, நாள் நாளாக நிற்கின்றதா, ஏட்டைத் திறக்கவல்லார் யாவர், மீட்பு இலக்கம் எவருடையது, தனிப்படி எங்கே இருக்கின்றது என்பவற்றையும் வினவி, விடைகளை அறிக்கையிற் பதிதல் வேண்டும்.

இப்பணிக்குக் கல்லூரியின் இன்றைய மாணவர் பெரிதும் உதவலாம். கணினியைக் கையாளும் விரைவு அவர்களிடம் உண்டு. எவ்விபரம் யாருக்கு எத்துணை மதிப்புடையது என்னும் அறிவு மூத்தோரிடம் உண்டு. இரண்டும் ஒருங்கே அமர்ந்து ஏட்டைப் பார்க்குமாயின், பெயர்கள் பிழையின்றி நிற்கும். பணம் ஒரு சதமும் குறையாது கணக்கில் வரும். தம் விபரங்களை எம்மை நம்பித் தந்தோரின் நம்பிக்கையும் காக்கப்படும். எமக்காகப் பிறர் செய்துவைத்த முடிவுகளை ஒருமுறை திறந்து பார்த்து, எமது முடிவுகளாக ஆக்கிக்கொள்வோமாக.